கதை கேட்க நேரமில்லை என்பவர்களுக்கு

"ஆஸ்பத்திரி என்ன திண்ணையா, உட்கார்ந்து கதை கேட்க?" டிமென்ஷியா என்கிற மறதி நோய் வந்தவர்களின் வாழ்க்கைக் கதையையும் சிகிச்சைக் கோப்பில் சேருங்கள் என்று பேச்செடுத்தால் வரும் பதில் பெரும்பாலும் இதுதான். நானும் ஒரு காலத்தில் இதை நியாயம் என்றே நினைத்தேன். என் அத்தையை ஆஸ்பத்திரியில் சேர்க்கும் வரை.

அத்தை நாற்பது வருஷம் கோயில் வாசலில் பூக்கட்டி விற்றவர். நிமோனியாவோடு படுத்தபோது மறதி நோய் முற்றியிருந்தது. டிரிப்ஸ் குழாயை விரலில் சுற்றிச் சுற்றி இழுத்தார். ஊசி இரண்டு முறை கழன்றது. 'முரண்டு பிடிக்கிறார்' என்று கோப்பில் எழுதிவிட்டு, கையைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டினார்கள். ராத்திரிக்குத் தூக்க ஊசி. மூன்றாம் நாள் அவருடைய மருமகள் கொஞ்சம் வாழைநாரைக் கொண்டுவந்து மடியில் போட்டாள். அத்தை பூவே இல்லாமல் கட்டத் தொடங்கினார். அதற்கப்புறம் குழாயை அவர் தொடவில்லை.

நேரமில்லை என்பது முதல் வாதம். கழன்ற ஊசியை ஒவ்வொரு தடவையும் திரும்ப ஏற்ற இரண்டு நர்சுகள் அத்தையைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அந்த நேரத்தை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. பிரிட்டனில் அல்ஸைமர் சொசைட்டி 2010 முதல் 'இதுதான் நான்' என்றொரு படிவம் கொடுக்கிறது. சில பக்கங்கள்தான், வீட்டிலேயே நிரப்பிக் கொண்டுபோகலாம். என்ன பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும், எதற்குப் பதறுவார், எதில் அடங்குவார், சாப்பாடு எப்படி. படிக்க ஐந்து நிமிஷம் போதும். சுயசரிதை எழுதித் தரச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

"மனிதாபிமானம் சரி, ஆனால் இது மருத்துவம் ஆகாதே" என்பார்கள். எனக்கு அதிகம் கோபம் வருவது இந்த இடத்தில்தான். நோயாளி ஏன் கத்துகிறார் என்று தெரியாதபோது கை மருந்தைத்தான் தேடுகிறது. பிரிட்டிஷ் அரசுக்காகப் பேராசிரியர் சுபே பானர்ஜி 2009இல் தந்த அறிக்கையைப் பாருங்கள். அந்நாட்டில் வருஷத்துக்குச் சுமார் 1,80,000 மறதி நோயாளிகளுக்கு, மனநோய்க்குத் தரும் ஆன்டிசைக்காட்டிக் மருந்து கொடுக்கப்பட்டது. ஓரளவாவது பலன் பெற்றவர்கள் சுமார் 36,000 பேர். அந்த மருந்தால் கூடுதலாக நேர்ந்த சாவு ஏறத்தாழ 1,800 என்று அவர் கணக்கிட்டார். மருந்தில்லாத வழிக்கும் கணக்கு உண்டு. அமெரிக்காவின் யேல் மருத்துவமனையில் ஷாரன் இனோயே குழுவினர் 70 வயது தாண்டிய 852 பேரிடம் நடத்திய ஆய்வு 1999இல் வந்தது. இடமும் நாளும் நினைவூட்டுவது, கண்ணாடியும் காதுக்கருவியும் கையில் கிடைக்கச் செய்வது, நடக்க வைப்பது, தூங்க விடுவது போன்றவற்றைத்தான் செய்தார்கள். ஆஸ்பத்திரியில் திடீரென்று வரும் மனக்குழப்பம், வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் 15 சதவீதம் பேருக்கு வந்தது; இப்படிக் கவனிக்கப்பட்டவர்களில் 9.9 சதவீதம் பேருக்குத்தான் வந்தது. நோயாளி கண்ணாடி போடுபவர் என்பதையே யாராவது சொல்லித்தானே ஆக வேண்டும்?

அந்த ஆய்வு வாழ்க்கைக் கதையைச் சோதித்ததில்லை என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கதைக்கென்று யார்க் பல்கலைக்கழகத்தார் 2016இல் வெளியிட்டதும் சாத்தியம் பார்க்கும் ஆய்வுதான். அதை வைத்துப் பலன் நிரூபணமாகிவிட்டது என்று முழங்க மாட்டேன். ஆனால் ஒரு தாளையும் பேனாவையும் அனுமதிக்க இவ்வளவு சான்று கேட்பவர்கள், கையைக் கட்டிப்போட எந்த ஆய்வைப் படித்தார்கள்?

"அவருக்கே நினைவில்லையே" என்பதற்கு வாழைநாரே பதில். பெயரும் தேதியும் போன பிறகும் கைப்பழக்கம் நெடுநாள் தங்கும்.

கடைசியாக, "நம்மூரில் குடும்பமே கூட இருக்கிறதே" என்கிறார்கள். இருக்கிறது. பிரிட்டனில் இப்படிக் கூட இருக்கும் உரிமைக்காகவே நிக்கி ஜெரார்டும் ஜூலியா ஜோன்ஸும் 2014இல் 'ஜான் இயக்கம்' தொடங்க வேண்டியிருந்தது. இங்கே கேட்காமலே உறவினர் ஒருவர் அட்டெண்டராக உண்டு, ஆனால் அவரை மருந்துக் கடைக்கும் பில் கவுன்டருக்கும் விரட்டுகிறோமே தவிர, "அம்மா முன்பு என்ன வேலை பார்த்தாங்க?" என்று யாரும் கேட்பதில்லை. ஐசியு கதவுக்கு வெளியே அவர் நின்றால், அவருக்குத் தெரிந்ததும் வெளியிலேயே நின்றுவிடுகிறது. ராத்திரிக்கு வரும் பேரனுக்குப் பாட்டியின் நாற்பது வயது தெரியாது.

இந்தியாவில் 60 தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, மறதி நோய் இருப்பதாக 2023இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. அவர்களில் ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால், ஆஸ்பத்திரி கேட்கும் வரை காத்திருக்காதீர்கள். அவருடைய செல்லப் பெயர், பார்த்த தொழில், பிடித்த சாப்பாடு, பயப்படுவது, அவரிடம் எடுக்கவே கூடாத பேச்சு எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி, காப்பீட்டு அட்டையோடு சேர்த்து வையுங்கள்.