அல்லி யாரிடம் அனுமதி கேட்டாள்?

அந்தக் கட்டுரையின் பெயரையும் அது வந்த இதழின் பெயரையும் இங்கே எழுதப்போவதில்லை. நம் வாசகர்கள் பலர் அதை வாட்ஸப்பில் எனக்கே அனுப்பிவைத்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரியும். புலம்பெயர்ந்த வீடுகளில் வளரும் பிள்ளைகளுக்குக் கற்பனை வற்றிவிட்டது என்பது அதன் தீர்ப்பு. கூண்டில் ஏற்றப்பட்டவர்கள் எங்கள் ஃபிரிஸ்கோப் பிள்ளைகள். பகடை உருட்டி, வேடமேற்று ஆடும் ரோல்பிளே ஆட்டத்துக்காக ஓர் ஊரைக் கற்பித்து, அதை அமெரிக்க சூப்பர்ஹீரோ கார்ட்டூன் தொடர்களின் காலவரிசைக்குள் செருகப் பார்க்கிறார்களாம். சொந்தமாக ஓர் உலகம் படைக்கத் துப்பில்லாத தலைமுறை இரவல் வானத்தில் பறக்கிறது என்று கட்டுரையாளர் வருந்துகிறார். அவருடைய கட்டுரையிலேயே நான்கு ஐரோப்பியச் சிந்தனையாளர்கள் வந்துபோகிறார்கள். அந்த வானம் யாருடையது என்று நான் கேட்கவில்லை.

அவர் பார்க்காத ஆட்டத்தை நான் பார்த்திருக்கிறேன். சனிக்கிழமை இரவு, சாப்பாட்டு மேசை, இருபது முகப் பகடைகள், முறுக்கு எண்ணெய் படிந்த கட்டத்தாளில் பென்சிலால் வரைந்த காலக்கோடு. அவர்களுடைய ஊரின் பெயர் லெபனான். இது கற்பனைப் பெயரன்று. 1902இல் செயின்ட் லூயிஸ்–சான் பிரான்சிஸ்கோ ரயில் பாதை இந்தப் பக்கம் போடப்பட்டபோது, நீராவி இன்ஜின்களுக்குத் தண்ணீர் பிடிக்க ஓரிடம் தேவைப்பட்டது. பிரெஸ்டன் மேட்டுத் தடத்தில் ஏற்கெனவே இருந்த ஊர் லெபனான். அது அதிக உயரத்தில் இருந்ததால் ரயில்காரர்கள் நான்கு மைல் மேற்கே, தாழ்வான இடத்துக்குப் போனார்கள். லெபனான்காரர்கள் சிலர் தங்கள் வீடுகளையே மரக்கட்டைகள் மேல் உருட்டிக்கொண்டு பின்னால் போனார்கள். புது ஊருக்கு முதலில் எமர்சன் என்று பெயர்; அதே போன்ற பெயரில் வேறோர் ஊர் இருப்பதாகத் தபால் துறை மறுத்துவிட, ரயில் கம்பெனியின் செல்லப் பெயரான ஃபிரிஸ்கோவையே ஊருக்கு வைத்துக்கொண்டார்கள். 2000இல் 33,714 பேர் இருந்த அந்த ஊரில் 2020இல் 2,00,509 பேர். நம் இதழின் முகவரியும் அதுதான்.

பிள்ளைகளின் உலகத்தில் ரயில் லெபனானிலேயே நின்றுவிட்டது. ஃபிரிஸ்கோ பிறக்கவே இல்லை. தண்டவாளத்தில் காதை வைத்தால் நூறு மைலுக்கு அப்பால் நடப்பது கேட்கும் ஒரு பெண்தான் நாயகி. இதில் எங்கே வறட்சி என்று எனக்குப் புரியவில்லை. நாமெல்லாம் இருபது வருடமாக இங்கே குடியிருந்தும், லெபனான் என்றால் ஒரு சாலையின் பெயர்ப் பலகை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

செருகும் வேலையில்தான் அவர்களுக்கு மூச்சு முட்டுகிறது. 1992இல் பேட்மேன் கார்ட்டூனில் தொடங்கி, சூப்பர்மேன், பேட்மேன் பியாண்ட், ஜஸ்டிஸ் லீக் என்று 2006 வரை ஒன்றோடொன்று பின்னிக்கொண்டே போன தொடர்கள் அவை. ஒன்றில் செத்தவர் மற்றொன்றில் செத்தவர்தான். அந்த வரிசையில் லெபனானுக்கு வெள்ளம் வந்தால் ஒரு கேள்வி எழும்.

“அப்போ சூப்பர்மேன் எங்க இருந்தாரு?”

“அவர் பிஸி.”

“பிஸின்னா அது ரீசன் இல்ல. எபிசோட் காட்டு.”

இந்த ‘எபிசோட் காட்டு’ என்ற அதட்டலை நம் ஆய்வரங்குகளில் கேட்டு எத்தனை நாளாயிற்று! அந்தப் பையனுக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். கடைசியில் அவர்கள் கண்டுபிடித்த இடுக்கு இது: பேட்மேன் பியாண்ட் அத்தியாயம் ஒன்றில், 2009இல் உலகம் அழிவின் விளிம்புவரை போய்த் திரும்பியதாக ஒரு வசனம் போகிற போக்கில் வரும். என்ன நடந்தது என்று அங்கே யாரும் விளக்குவதில்லை. அந்த ஆண்டு எல்லா வீரர்களும் வேறெங்கோ இருந்தாக வேண்டும். லெபனான் தன்னைத்தானே காப்பாற்றிக்கொண்டாக வேண்டும். வாக்கியத்தின் ஓட்டைக்குள் ஒரு நகரத்தைக் குடியமர்த்திவிட்டார்கள்.

மூலம் என்று கட்டுரையாளர் கும்பிடுகிற அந்தத் தொடர்ச்சி எப்படி உருவானது என்று அவருக்குத் தெரியுமா? 1993இல் கறுப்பினப் படைப்பாளிகள் சிலர் சேர்ந்து மைல்ஸ்டோன் என்ற காமிக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். டகோட்டா என்றொரு நகரத்தைக் கற்பித்தார்கள். மெட்ரோபொலிஸும் காத்தமும் இருந்த உலகத்தில் அது இல்லை. அங்கிருந்து ஸ்டாட்டிக் என்ற மின்சாரச் சிறுவன் 2000இல் தொலைக்காட்சிக்கு வந்தபோது, முதல் அத்தியாயத்திலேயே கிளார்க் கென்டைக் கதைப்புத்தகப் பாத்திரமாக நினைத்துக்கொண்டுதான் பேசுகிறான். அவன் ஊரில் சூப்பர்மேன் வெறும் அச்சு மை. இரண்டாம் பருவத்தில் பேட்மேன் டகோட்டாவுக்கு வந்து இறங்குகிறார். அன்றோடு டகோட்டா பெரிய வரிசைக்குள் போய்விட்டது. முதல் அத்தியாயத்து வசனம் அநாதையாக நிற்கிறது. நம்முடைய பிள்ளைகள் செய்வதை, சம்பளம் வாங்கிக்கொண்டு ஒரு ஸ்டுடியோ செய்திருக்கிறது. அதையும் இவ்வளவு கவனமாகச் செய்யவில்லை.

மைல்ஸ்டோனை நிறுவியவர்களில் ஒருவரான டுவேன் மெக்டஃபி, 2011இல் மறைந்தவர், இந்த வரிசை வெறியைக் கிண்டலடித்து 2002இல் ஒரு கட்டுரை எழுதினார். செயின்ட் எல்ஸ்வேர் என்ற மருத்துவமனைத் தொடரின் கடைசிக் காட்சியில், கதை முழுவதும் ஒரு சிறுவனின் மனத்துக்குள் நடந்ததாக முடியும். அந்தத் தொடரின் பாத்திரங்கள் எட்டிப்பார்த்த பிற தொடர்கள், அவற்றோடு தொடர்புள்ள தொடர்கள் என்று இழுத்துக்கொண்டே போனால் அமெரிக்கத் தொலைக்காட்சியில் பெரும்பகுதி அந்தச் சிறுவனின் பகற்கனவாகிவிடும் என்பது அவர் வாதம். எழுதியவரே மூன்று வருடம் கழித்து, ஜஸ்டிஸ் லீக் தொடரில், பேட்மேன் பியாண்டில் வரும் எதிர்காலத்துப் பேட்மேன் பழைய பேட்மேனின் மரபணு மகன்தான் என்று ஒரு முடிச்சைப் போட்டு இரண்டு தொடர்களையும் இறுக்கிக் கட்டினார். இந்த முரண்பாட்டுக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

தொடர்ச்சியில் இருக்கும் ஓட்டைகளும் தெய்வ சங்கல்பம் அல்ல. ஜஸ்டிஸ் லீக்கின் பிற்பகுதியில் பேட்மேனின் வில்லன்கள் காணாமல் போகிறார்கள். அவர்கள் திருந்திவிடவில்லை; அப்போது வேறொரு கார்ட்டூனும் சினிமாவும் வந்துகொண்டிருந்ததால் இந்தத் தொடருக்குக் கொடுக்கவில்லை. மூலத்தின் புனிதம் என்று நாம் ஆராதிப்பதில் பாதி வக்கீல்கள் வரைந்த எல்லைக்கோடு. உள்ளே நுழைந்து மூலத்தையே மாற்றியவர்களும் உண்டு. ஹார்லி க்வின் 1992இல் கார்ட்டூனில் ஜோக்கருக்கு ஒத்தாசையாக வந்த துணைப்பாத்திரம். 1999இல் அவளை அச்சுக் காமிக்ஸின் முதன்மை வரிசைக்குள் சேர்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று. இன்று அவள் இல்லாமல் அந்தக் கடை நடக்காது.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். வியாசருக்கு அல்லியைத் தெரியாது. பவளக்கொடியைத் தெரியாது. மதுரையை ஆண்ட, ஆண் வாடையே ஆகாத ஓர் அரசியை அர்ஜுனன் கதைக்குள் கொண்டுவந்தவன் நம் ஊர்ப் பாட்டுக்காரன். நூல்களின் முகப்பில் புகழேந்திப் புலவர் பெயர் இருக்கும். அதையும் ஒரு செருகல் என்றே வைத்துக்கொள்ளலாம். வில்லிபுத்தூரார் சித்திராங்கதையைப் பாண்டியன் மகளாக்கினார். நாட்டுப்பாடல் அதோடு விடவில்லை. அர்ஜுனன் வேடம் மேல் வேடம் போட்டு, கண்ணன் தயவில் பாம்பாகி, அல்லியின் படுக்கையறைக்குள் நுழைந்து, தூங்குகிறவள் கழுத்தில் தாலி கட்டுகிறான். அந்தத் தாலியில் உள்ள வன்முறையை நம் பெண்ணிய விமர்சகர்கள் நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். நான் அதை மறைக்கவில்லை. ஆனாலும் கதைக்காரனின் கணக்கைப் பாருங்கள். பாரதத்தின் முதல் வீரனை, நேர் வாசலில் வர வக்கில்லாமல், மதுரைக் கோட்டைச் சுவரில் ஊர்ந்து வரவைத்துவிட்டான். பிறகு அல்லியின் மகன் புலந்திரன் பவளத் தேர் வேண்டும் என்று அடம்பிடிக்க, பவளம் தேடிப்போன இடத்தில் அர்ஜுனனுக்குப் பவளக்கொடி வாய்க்கிறாள். செருகலுக்குள் செருகல். 1934இல் அந்தச் செருகல்தான் தியாகராஜ பாகவதருக்கு முதல் படமாகியது.

பெரிய எழுத்து அல்லியரசாணி மாலையை ரத்தின நாயகர் அண்ட் சன்ஸ் பதிப்பில் வாசித்தவர்கள் நம்மில் இன்னும் இருக்கிறார்கள். அந்தப் பழுப்புத் தாளின் வாசனை எனக்கு எந்தச் செவ்வியல் பதிப்பிலும் கிடைத்ததில்லை. பெருந்தேவனாரின் பாரத வெண்பா ஒன்பதாம் நூற்றாண்டிலேயே அரவானைக் களப்பலி கொடுத்துவிட்டது. வடமொழியில் எட்டாம் நாள் போரில் சாகிற ஒரு சிறு பாத்திரம் அவன். கூவாகத்தில் அவனுக்காகத் தாலி கட்டி அறுக்கிறார்கள். செஞ்சிப் பக்கம் மேலச்சேரியில் போய்க் கேளுங்கள்: பாண்டவர்களுக்குச் சங்குவதி என்றொரு தங்கை, அவளைக் கட்டியவர் போத்துராஜா, அவர்தான் திரௌபதி அம்மனுக்குக் காவல். எந்தப் பருவத்தில் வருகிறது, எபிசோட் காட்டு என்று அங்கே யாராவது கேட்டால் சாட்டைதான் பதில் சொல்லும்.

மறுபக்கத்தில் ரசிகமணி இருக்கிறார். கம்பனில் தன் காதுக்கு ஒவ்வாத பாடல்களையெல்லாம் கம்பன் பாடவில்லை என்று ஒதுக்கினார். சில இடங்களில் சொற்களையே திருத்தினார். செருகல்களை விரட்டப் போனவர் தாமே செருகினார். அந்தச் செருகல்களான வெள்ளிபாடல்களைக் கண்டுபிடிப்பதில் ஒரு காலத்தில் எனக்கும் பைத்தியம் உண்டு. இப்போது அவற்றைச் செருகியதாகச் சொல்லப்படும் அந்த வெள்ளியம்பலத் தம்பிரான் என்கிற ஆள் மேல்தான் பிரியம் வருகிறது.

நாங்கள் பள்ளியில் படித்தபோது எங்களுக்கும் ஒரு தொடர்ச்சிச் சிக்கல் இருந்தது. சிவகாசியிலிருந்து வந்த இரும்புக்கை மாயாவி, மின்சாரம் பாய்ந்தால் கையைத் தவிர உடம்பெல்லாம் மறைந்துபோகும் வெள்ளைக்காரர். பிறகு சென்னையிலிருந்து வந்த வேறொரு காமிக்ஸ் முகமூடி வேதாளருக்கும் மாயாவி என்றே பெயர் சூட்டிவிட்டது. இரண்டு மாயாவிகளும் ஒருவரா? இரும்புக்கையைக் கழற்றிவிட்டுக் காட்டுக்குப் போனவர்தான் முகமூடி போட்டுக்கொண்டார் என்று ஒரு கட்சி. இல்லை, வேதாளர் பரம்பரை நானூறு வருடப் பழசு, இவர் நேற்று வந்தவர் என்று எதிர்க்கட்சி. சைக்கிள் ஸ்டாண்டில் நடந்த அந்த விவாதங்களின் தரத்தில் பிற்பாடு நான் கேட்ட அமைப்பியல் விவாதங்கள் இல்லை. லண்டன் வார இதழும் நியூயார்க் செய்தித்தாளும் கனவிலும் சேர்த்துவைக்காத இரண்டு பேரை ஒரே ஊர்க்காரர்கள் ஆக்கியிருந்தோம்.

இவ்வளவும் தெரிந்தும் அந்தக் கட்டுரை ஏன் எரிச்சலூட்டுகிறது என்று யோசித்தேன். அதை எழுதியவரும் வெளியிட்டவரும் செய்துகொண்டிருப்பது என்ன? முப்பதுகளின் இதழ், அதன் பிறகு ஒற்றை ஆளாக விமர்சனத்தைத் தூக்கிச் சுமந்தவரின் இதழ், வல்லின மெய்களையே பெயராக வைத்துக்கொண்ட எழுபதுகளின் இதழ் என்று ஒரு வரிசையைப் போட்டு, அதன் கடைசி நாற்காலியில் தாங்களே உட்கார்ந்துகொள்கிறார்கள். இது செருகல் இல்லாமல் வேறென்ன? எந்த எபிசோடில் அந்த முன்னோர்கள் இவர்களுக்குப் பட்டம் கட்டினார்கள்? நம் சிற்றிதழ்கள் எல்லாமே, இதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், ரசிகர்கள் கட்டிய ஊர்கள். இலக்கிய வரலாற்றின் ஏதோ ஓர் இடுக்கில் குடியேறி, இங்கேதான் எப்போதும் இருந்தோம் என்று சாதிக்கிறோம்.

அந்த வரலாற்றில் புலம்பெயர்ந்த எங்களுக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் இடமும் தெரிந்ததே. வருடத்துக்கு ஓர் அயலகச் சிறப்பிதழ். ஆறாம் திணை என்றொரு திண்ணை. மற்ற பதினொரு மாதமும் ஃபிரிஸ்கோவில் எழுதுபவன் இல்லாதவன். பேட்மேன் டகோட்டாவுக்கு வருகிற மாதிரி சென்னையிலிருந்து ஒரு பெரியவர் கோடை விடுமுறையில் மகள் வீட்டுக்கு வருவார். நாம் கூட்டம் போடுவோம். அவர் திரும்பிப்போய் ‘அங்கேயும் தமிழ் இருக்கிறது’ என்று எழுதுவார். அன்றோடு நாமும் தொடர்ச்சிக்குள் வந்துவிட்டோமாம். டகோட்டாவுக்காவது விருந்தாளி வந்தபோது தன் பையனே நாயகன் என்ற நிலை மாறவில்லை. நாம் மாலையும் மைக்கும் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்கிறோம். எந்தப் பெரியவரையாவது மதில் ஏறி வரவைக்கிற மாதிரி நாம் இதுவரை என்ன எழுதியிருக்கிறோம் என்று கேட்டால் எனக்கும் கோபம் வருகிறது. அந்தக் கோபம் முழுக்க அந்தக் கட்டுரையாளர் மேல் இல்லை.

இந்த இதழில் லெபனான் பிள்ளைகளின் ஆட்டக் குறிப்பு பன்னிரண்டு பக்கத்துக்குப் போகிறது, காலக்கோட்டுப் படத்துடன். அவர்கள் ஆங்கிலத்திலும் தமிழிலும் கலந்து எழுதியதைக் கொஞ்சம்தான் தொட்டிருக்கிறோம். பகடை விழுந்த எண்களை எடுத்துவிடலாமா என்று கேட்டதற்கு, அதுதானே ஆதாரம் என்று அந்தப் பன்னிரண்டு வயதுக்காரர் மறுத்துவிட்டார், அப்படியே இருக்கின்றன. இதனால் கவிதைக்கு வழக்கமாக ஒதுக்கும் பக்கங்களில் நான்கு குறைகிறது. கடிதங்கள் வரும் என்று தெரியும், இருநூறு சொல்லுக்குள் எழுதுங்கள்.