மிஸ்வாக்கில் படிந்த இரத்தம்

 

ஒளூவின் பாடத்தை நடத்தும்போதெல்லாம் மிஸ்வாக்கின் சிறப்பை நாம் விரிவாகவே கூறி வந்திருக்கிறோம். சமுதாயத்துக்குச் சிரமமாகிவிடும் என்ற அச்சம் இல்லாதிருந்தால், நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒவ்வொரு தொழுகைக்கும் அதனைக் கட்டாயமாக்கியிருப்பார்கள் என்பதை மாணவர்கள் நம்மிடமே கற்றார்கள். ஆனால், நம் மிஸ்வாக்கின் நுனியில் பல ஆண்டுகளாக இரத்தம் படிந்து வந்ததை நாம் பொருட்படுத்தவில்லை.

வாய் கொப்பளித்த நீர் சிவந்திருக்கும். துப்பிவிட்டுத் தொழச் செல்வோம். உமிழ்நீருக்குச் சமமாகவோ மிகுந்தோ இரத்தம் வந்தால் ஹனஃபி மத்ஹபில் ஒளூ முறியும், ஷாஃபிஈ மத்ஹபில் முறியாது என்ற மஸ்அலா நமக்கு மனப்பாடம். அந்த இரத்தம் ஏன் வருகிறது என்று மட்டும் நாம் ஒரு நாளும் வினவவில்லை. கீழ்வரிசையின் முன்பற்கள் இரண்டு நீண்டு தெரியத் தொடங்கி, குளிர்ந்த நீர் பட்டாலே கூச்சமெடுத்த பின்னரே மருத்துவரை நாடினோம்.

பற்கள் நீளவில்லை, ஈறுதான் இறங்கியிருந்தது. பல்லில் படியும் கிருமிப்படலம் அகற்றப்படாவிட்டால் காரையாக இறுகுகிறது. ஈறு வீங்கி இரத்தம் கசிகிறது. இந்நிலையில் முறையாகச் சுத்தம் செய்தால் ஈறு முழுமையாக நலமடையும். அலட்சியம் தொடர்ந்தால் பல்லைத் தாங்கும் எலும்பு கரைகிறது. கரைந்த எலும்பு தானாக மீண்டும் வளர்வதில்லை. பெரும்பாலும் வலியே இல்லாமல் வளரும் நோய் இது. புகையிலையும் கட்டுப்படாத நீரிழிவும் இதனை விரைவுபடுத்துகின்றன. விருந்து முடிந்ததும் வெற்றிலைத் தட்டில் புகையிலையையும் வைத்து உபசரிக்கும் நம் குடும்பங்கள் இதனைச் சற்றுச் சிந்திக்க வேண்டும்.

முதலில் ஈறுக்கு அடியிலுள்ள காரையையும் கிருமிகளையும் அகற்றி, நோயைக் கட்டுக்குள் கொண்டுவந்தார்கள். அதன் பின்னரே ஈறு ஒட்டு சிகிச்சை. மரத்துப்போகும் ஊசி போட்டு, மேலண்ணத்திலிருந்து சிறிதளவு திசுவை எடுத்து, வேர் வெளிப்பட்ட இடத்தில் வைத்துத் தைக்கிறார்கள். அந்தத் திசு முதல் சில நாட்கள் அடியிலிருந்து கசியும் நீரைக் கொண்டே உயிர்வாழ்ந்து, பிறகு புதிய இரத்தக் குழாய்களைப் பெறுகிறது. ஆகவே அந்நாட்களில் அவ்விடம் அசையக் கூடாது. புகை அறவே கூடாது. பற்களுக்கு இடையிலுள்ள எலும்பு கரைந்துவிட்டவர்களுக்கு வேர் முழுவதும் மூடப்படும் என்று எதிர்பார்க்க இயலாது. நமக்கும் ஒரு பகுதியே மூடியது. அல்ஹம்துலில்லாஹ், கூச்சம் குறைந்தது.

மார்க்க ரீதியாக எழும் ஐயங்களுக்கு வருவோம். தன் உடலின் ஒரு பகுதியை எடுத்துத் தன் உடலிலேயே வேறோரிடத்தில் வைப்பது, தீங்கைவிட நன்மை மிகுந்திருக்குமாயின் கூடும் என்று சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி 1988ஆம் ஆண்டு ஜித்தாவில் தீர்மானித்தது. ஆனால், அண்ணத்துத் திசுவுக்குப் பதிலாகப் பதப்படுத்திய மனிதத் தோலையோ, விலங்குகளிலிருந்து பெறப்பட்ட கொலாஜனையோ வைப்பதும் உண்டு. அவற்றுள் பன்றியிலிருந்து எடுக்கப்படுவதும் இருக்கிறது. எனவே எந்தப் பொருள் வைக்கப்படுகிறது என்று முன்கூட்டியே கேளுங்கள். கேட்பது நம் உரிமை. நல்ல மருத்துவர் அதற்காகக் கோபிக்கமாட்டார்.

அறுவைக்குப் பிறகு ஓரிரு நாட்கள் வாயை வேகமாகக் கொப்பளிக்கலாகாது. ஒளூவில் வாய் கொப்பளிப்பது இவ்விரு மத்ஹபுகளிலும் சுன்னத்தே. கடமையான குளிப்பில் ஹனஃபிகளுக்கு அது ஃபர்ளு என்பதால், அந்நிலை ஏற்படுவோர் தங்கள் ஆலிமிடம் முன்னதாகவே கேட்டுக்கொள்ளட்டும். ரமளானில் பல்லைச் சுத்தம் செய்துகொள்வது, தொண்டைக்குள் எதுவும் இறங்காதவரை நோன்பை முறிக்காது என்றும் அதே அகாடமி 1997இல் முடிவு செய்துள்ளது.

தையல் பிரிக்கும்வரை நாம் ஓதிக்காட்ட இயலவில்லை. மூத்த மாணவர் ஒருவரே சிறுவர்களுக்கு ஓதிக்கொடுத்தார். லாமும் நூனும் நாவின் நுனி மேல் முன்பற்களின் ஈறைத் தொடும்போதே பிறக்கின்றன. ஸா, தால், ளா ஆகிய மூன்றையும் அறபு மொழி அறிஞர் கலீல் இப்னு அஹ்மத் (ரஹ்) ஈறுக்குரிய எழுத்துகள் என்றே வகைப்படுத்தினார். மக்ரஜைக் கற்பிப்பவர் தம் ஈறுகளைக் கைவிட்டிருந்தார் என்பதை ஓத முடியாத அந்நாட்களில் வெட்கத்தோடு உணர்ந்தோம்.

வயதானால் பல் விழத்தான் செய்யும், எல்லாம் தக்தீர் என்று சொல்வோர் உண்டு. நோயும் தக்தீர், மருந்தும் தக்தீர். உடலுக்கு நம்மீது உரிமை உண்டு என்று கற்பித்த மார்க்கம் நம்முடையது. இரத்தம் வருகிறதே என்று அஞ்சிப் பல் துலக்குவதை நிறுத்திவிடுவோரும் உளர். அது நோயை வளர்க்கவே செய்யும். துலக்குவதை விடாதீர்கள், அதேவேளை மருத்துவரிடம் காட்டுங்கள். தனியார் மருத்துவமனைக்கு வசதியில்லாதவர்களுக்கு, சென்னையிலுள்ளது போன்ற அரசு பல் மருத்துவக் கல்லூரிகளில் ஈறு நோய்க்கெனத் தனித் துறையே இயங்குகிறது.

மிஸ்வாக் மிக உலர்ந்ததாகவும் இருக்கலாகாது, மிக ஈரமாகவும் இருக்கலாகாது என்று ஃபிக்ஹு நூல்கள் கூறுவதில் ஈறைப் புண்படுத்தாத பரிவு இருக்கிறது. அந்தப் பரிவை நாம் பாடத்தில் சொன்னோம், பழக்கத்தில் மறந்தோம். வேகமாகத் தேய்ப்பதும் ஈறை இறங்கச் செய்யும். மென்மையாக, ஈறின் ஓரம்வரை, உறங்கச் செல்லுமுன்பும் துலக்குவோம்.

இப்போது ஒளூப் பாடத்தின் முடிவில் மாணவர்களிடம் ஒரு கேள்வி கேட்கிறோம்: "துப்பும்போது யாருக்கேனும் இரத்தம் வருகிறதா?" கை உயர்த்தும் பிள்ளையின் பெற்றோருக்கு அன்றே தகவல் சென்றுவிடுகிறது. உங்கள் இல்லங்களிலும் இக்கேள்வியைக் கேளுங்கள்; முதியவர்களிடம் தவறாமல் கேளுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் உடல் நலத்தையும், அவனுடைய வேதத்தை இறுதிவரை திருத்தமாக ஓதும் நாவையும் தந்தருள்வானாக! ஆமீன்.