படிக்கப்படாத விற்பனைக் குறிப்பு

பயிர் விளைவிப்பதில் உள்ள சிரமங்களைக் குறித்துப் பேசாத கூட்டமில்லை, எழுதாத பத்திரிகையில்லை. விளைந்த சரக்கை விற்பதில் உள்ள சிரமங்களோ அவ்வளவாகக் கவனிக்கப்படுவதில்லை. அவற்றுள்ளும், கைப்பேசி வாயிலாகவும் இணையச் சந்தைகளின் வாயிலாகவும் நேரே விற்கத் தலைப்பட்டிருக்கும் குடியானவர்கள் அனுபவிக்கும் தொல்லை ஒன்று புதிய வகையைச் சேர்ந்தது. விற்பவர் எத்துணைத் தெளிவாக எழுதி வைப்பினும், வாங்க வருவோரில் அநேகர் அதைப் படிப்பதில்லை என்பதே அது.

ஈரோட்டுப் பக்கத்து மஞ்சள் சாகுபடிக்காரர் ஒருவரை உதாரணமாகக் கொள்ளலாம். வேகவைத்து உலர்த்திய விரலி மஞ்சள், மெருகேற்றாதது, பொடியன்று, 10 கிலோவுக்குக் குறைந்து அனுப்புவதில்லை, விலை இவ்வளவு, லாரிக் கூலி தனி என்று படத்தோடு அவர் வெளியிடுகிறார். உடனே வந்து விழும் வினாக்கள் யாவை? ‘விலை என்ன?’ ‘எந்த ஊர்?’ ‘பொடி கால் கிலோ கிடைக்குமா?’ இவற்றிற்கெல்லாம் விடை, வினா எழுதிய இடத்திற்கு ஓரங்குலம் மேலேயே இருக்கின்றது. களத்தில் ஆட்களை வைத்துக்கொண்டு, ஒரே விடையை நாளொன்றுக்கு இருபது முறை எழுத எவருக்குப் பொறுமை இருக்கும்?

பொறுமை மட்டும் செலவாவதாயின் சகித்துக்கொள்ளலாம். கைப்பொருளும் செலவாகின்றது. தேன் குளிரில் உறைந்து மணல்போலாவது இயல்பு என்று எழுதியிருந்தும், உறைந்த தேனைக் கண்டவுடன் சர்க்கரை கலந்தது என்று பழி வருகிறது. ரசாயனத்தால் வெளுக்காத வெல்லம் கறுத்திருக்கும் என்று எழுதியிருந்தும், கறுப்பாயிருக்கிறதென்று சரக்கு திரும்பி வருகிறது. தவிட்டோடு கூடிய சிவப்பரிசியை நெடுநேரம் ஊறவைக்க வேண்டும் என்ற வரியைப் பாராதவர், சோறு வேகவில்லை என்று பலரறியக் குறை கூறுகிறார். சரக்கு கைக்கு வந்தபின் பணம் தருவதாக ஏற்பாடாயிருந்து, வாங்குபவர் பெட்டியை ஏற்க மறுத்துவிட்டால், போக வரக் கூலி இரண்டும் பெரும்பாலும் விற்றவர் தலையில் விடிகின்றன. நியாயம் ஒருவர் பக்கம் இருக்க, நஷ்டமும் அவர் பக்கமே சேர்கின்றது.

இதற்குக் காரணம் வாங்குவோரின் அறியாமை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது சரியன்று. நம் சந்தைகள் கண்ணையும் கையையும் நம்பி நடந்தவை. நெல் வாங்குபவர் ஒரு பிடி அள்ளித் தேய்த்து, ஒரு மணியைக் கடித்துப் பார்த்துக் காய்ச்சல் அறிவார். மாடு வாங்குபவர் வாயைத் திறந்து பல்லை எண்ணிய பின்னரே துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுவார். விற்பவன் வாய்ச்சொல்லைத் தள்ளுபடி செய்து கேட்பதே சந்தை வழக்கம். அவ்வழக்கத்தில் ஊறியவர் கைப்பேசியைத் திறக்கும்போதும் படத்தையே பார்க்கிறார். எழுத்தை வியாபாரப் பேச்சென்று தாண்டிவிடுகிறார். அப்படித் தாண்டப் பழக்கியதில் விற்போருக்கும் பங்குண்டு. ‘அசல்’, ‘முதல் தரம்’, ‘முற்றிலும் இயற்கை’ என்னும் புகழ்ச்சிகளைப் பத்து வரி அடுக்கி, எடையையும் விலையையும் பதினோராவது வரியில் ஒளித்து வைத்தால் படிப்பவர் யார்?

தொல்லையைக் காட்டிலும் அஞ்சத்தக்கது, அதிலிருந்து சில குடியானவர்கள் செய்துகொள்ளும் தீர்மானமேயாகும். ‘படிப்பாரில்லை; ஆகவே எழுதவும் வேண்டுவதில்லை. படத்தைப் போட்டு எண்ணைக் கொடுத்தால் போதும்’ என்கின்றனர். இஃது எவ்வகையிலும் ஒப்புக்கொள்ளத்தக்கதன்று.

ஏனெனில், 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், விவரித்து விற்ற சரக்கு விவரித்தபடியே இருத்தல் வேண்டும் என்கிறது. மாதிரி காட்டி விற்றாலும், மாதிரிக்கு ஒத்திருப்பது மட்டும் போதாது. விவரத்திற்கும் ஒத்திருத்தல் வேண்டும். 2020-ஆம் ஆண்டின் இணைய வணிக விதிகளின்படி, விளம்பரத்திற் கூறிய தன்மை இல்லாத சரக்கைத் திரும்பப் பெற விற்பவர் மறுக்கலாகாது. ஆதலின் வழக்கு நேர்ந்தால் எழுதப்பட்ட குறிப்பே பேசும். உள்ளதை உள்ளபடி எழுதியவருக்கு அது கேடயம். மிகைப்பட எழுதியவருக்கு அதுவே எதிர்ச்சாட்சி. ஒன்றும் எழுதாதவருக்கோ காட்டுவதற்கு ஏதுமில்லை.

மேலும், சென்னை மாகாணத்தில் 1933-இல் வாணிபப் பயிர்ச் சந்தைச் சட்டம் இயற்றப்பட்டதும், 1936-இல் திருப்பூரில் பருத்திக்கு ஒழுங்குமுறைச் சந்தை ஏற்பட்டதும், 1937-இல் தரம்பிரித்து முத்திரையிடும் சட்டம் வந்ததும், எடையும் தரமும் எல்லோரும் அறிய வெளிப்பட வேண்டும் என்பதற்காகவே. 2016-இல் தொடங்கிய தேசிய மின்னணு வேளாண் சந்தையிலும், தரப் பரிசோதனை விவரத்தைக் கண்டு தூரத்து வியாபாரி விலை கேட்கலாம். அங்கே நடுவில் நின்று சரக்கைச் சோதிப்பவர் உண்டு. நேர் விற்பனையில் அவ்வாறு எவருமில்லை. குடியானவர் எழுதும் நாலு வரியே அவ்வேலையைச் செய்தாக வேண்டும்.

ஆகவே எழுதுவதை நிறுத்தாது, படிக்கும்படி எழுதுவதே வழி. முதல் வரியிலேயே சரக்கு, உருவம், எடை, விலை, ஊர் ஆகிய ஐந்தும் அமைதல் வேண்டும். மூட்டைக் கணக்கு ஊருக்கு ஊர் மாறுவதால் கிலோக் கணக்கே தக்கது. இரண்டாம் வரியில், சரக்கு எது அன்று என்பதைக் கூறுதல் நலம்: ‘பொடியன்று, மெருகேற்றியதன்று.’ படத்தை மட்டும் பார்ப்பவருக்காக, இவ்விவரத்தை ஒரு பலகையில் பெரிதாக எழுதிச் சரக்கின் பக்கத்தில் வைத்துப் படமெடுக்கலாம். பொறுக்கி எடுத்த நல்ல கிழங்கை மட்டும் காட்டாது, குவியலில் உள்ளபடியே காட்டுதல் வேண்டும். பணம் பெறுமுன், எந்தச் சரக்கு, எத்தனை கிலோ என்பதை வாங்குபவரே தம் சொல்லில் எழுதும்படி கேட்க வேண்டும்; ‘சரி’ என்னும் ஒற்றைச் சொல் போதாது. பெருந்தொகைச் சரக்காயின் முன்னதாக ஒரு பிடி மாதிரி அனுப்புவதன் செலவு, திரும்பி வரும் லாரிக் கூலியினும் சொற்பமே. ஒரே வினாவைப் பலர் கேட்பாராயின், அவ்விடை தவறான இடத்தில் இருக்கிறதென்று அறிந்து அதனை மேலே ஏற்றல் வேண்டும்.

கிராமாதிகாரிகளும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தாரும் இதில் உதவக் கூடும். ஊருக்குப் பொதுவான குறிப்புப் படிவம் ஒன்றும், நம்பகமான தராசு ஒன்றும் ஏற்படுத்தினால், எழுதப் பழகாத குடியானவரும் பயனடைவார். ஓர் ஊரிலிருந்து வரும் குறிப்புகளெல்லாம் ஒரே ஒழுங்கில் அமைந்து, சொன்னபடி சரக்கும் வந்துகொண்டிருக்குமாயின், அவற்றைப் படிக்கும் பழக்கம் வாங்குவோருக்கும் நாளடைவில் உண்டாகும்.

இச்சில்லறைத் தொல்லைகளால் மனம் சலித்துப் பழையபடி தரகரிடமே சரக்கை ஒப்படைத்துவிடுவோர் உளர். தரகர் கேள்வி கேட்பதில்லைதான். அவருடைய தரகு அதற்கும் சேர்த்தே பிடிக்கப்படுகிறது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது முதுமொழி. படிப்பாரில்லாத இடத்தும் அளந்தே எழுதுக. படிக்கும் ஒருவர் வருவார், அவரே மறு அறுவடைக்கும் தேடி வருவார்.