வேலைநிறுத்தம் சட்டவிரோதம் என்றால் வேலையைப் பறித்துவிடலாமா?

2012 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவின் ரஸ்டன்பர்க் பகுதியில், இம்பாலா பிளாட்டினம் சுரங்கத்தின் பாறை துளைப்பவர்கள் வேலையை நிறுத்தினார்கள். நிமிர்ந்து நிற்க இடமில்லாத வெட்டுக்குள், அதிரும் இயந்திரத்தை உடம்போடு அணைத்துப் பிடித்துத் துளையிடுகிறவர்கள் அவர்கள். உடன் வேலைபார்க்கும் இன்னொரு பிரிவினருக்கு 18 சதவீத ஊதிய உயர்வு கொடுத்த நிர்வாகம், இவர்களை விட்டுவிட்டது. சட்டம் கேட்கும் சமரசப் பேச்சோ 48 மணி நேர முன்னறிவிப்போ இல்லாத போராட்டம் அது. சுமார் 17,200 பேர் வேலைநீக்கம் செய்யப்பட்டார்கள். பின்னர் அவர்களில் பெரும்பாலோரை அதே நிறுவனம் திரும்ப எடுத்துக்கொண்டது. அந்த ஆண்டு அக்டோபரில் ஆங்கிலோ அமெரிக்கன் பிளாட்டினமும் 12,000 பேரை நீக்கியது. மாதம் முடிவதற்குள் திரும்ப அழைத்தது.

திரும்ப அழைக்கக்கூடியவர்கள் என்றால், மன்னிக்கவே முடியாத குற்றம் எதைச் செய்தார்கள்? 17,200 பேரில் யார் வன்முறையில் இறங்கியவர், யார் அடிக்குப் பயந்து வீட்டில் இருந்தவர் என்று ஒரே வீச்சில் யாராலும் பிரித்துப் பார்க்க முடியாது. அங்கே நடந்தது தண்டனை அல்ல, மிரட்டல்.

தென்னாப்பிரிக்கச் சட்டம் இதைவிட நிதானமானது. 1995ஆம் ஆண்டின் தொழிலாளர் உறவுச் சட்டத்தின்படி, சட்டப் பாதுகாப்பில்லாத வேலைநிறுத்தத்தில் கலந்துகொள்வது பணிநீக்கத்துக்குக் காரணமாகலாம். ஆனால், அது ஒன்றே போதாது. மீறல் எவ்வளவு கடுமையானது, சட்டப்படி நடக்க முயன்றார்களா, நிர்வாகத்தின் அநியாயமே அவர்களைத் தூண்டியதா என்று பார்க்க வேண்டும். நீக்கும் முன் சங்கத்திடம் பேச வேண்டும்; தெளிவான இறுதி எச்சரிக்கை தந்து, யோசிக்க அவகாசமும் தர வேண்டும். தொழிலாளர் தரப்பையும் கேட்டாக வேண்டும் என்று 2000இல் அந்நாட்டுத் தொழிலாளர் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது.

தமிழ்நாட்டில் 2003 ஜூலையில் இப்படி எந்தப் படியும் இருக்கவில்லை. டெஸ்மா என்ற அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டத்தையும் அதைக் கூர்மையாக்கிய அவசரச் சட்டத்தையும் கொண்டு, வேலைநிறுத்தம் செய்த ஏறத்தாழ 1.7 லட்சம் அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் விசாரணையின்றி வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையோ தார்மிக உரிமையோ கிடையாது என்றுதான் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே அமர்வுதான் பெரும்பாலோரைத் திரும்பச் சேர்க்கவும் வழிசெய்தது, அதுவும் மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்த பிறகு. சட்டவிரோத வேலைநிறுத்தத்தில் பங்கேற்றார் என்பதற்காக மட்டும் ஒருவரை நீக்கிவிட முடியாது, தனிநபரின் பங்கு நிரூபிக்கப்பட வேண்டும் என்று 1979இலேயே குஜராத் ஸ்டீல் டியூப்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருந்தது. அந்த வெளிச்சம் 2003இல் நம் ஊழியர்களுக்குக் கிடைக்கவில்லை.

இப்போது இந்தக் கேள்விக்கு அவசரம் கூடியிருக்கிறது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுத் தொகுப்புச் சட்டம், எல்லாத் தொழில்களுக்கும் 14 நாள் முன்னறிவிப்பைக் கட்டாயமாக்குகிறது. பாதிப் பேர் சேர்ந்தாற்போல் விடுப்பு எடுத்தாலே அது வேலைநிறுத்தம். 2021 டிசம்பரில், விடுதிச் சாப்பாட்டால் சக தொழிலாளர்கள் மருத்துவமனையில் கிடந்தபோது, ஸ்ரீபெரும்புதூர் அருகே பெண் தொழிலாளர்கள் மறியல் செய்ய நெடுஞ்சாலைக்கு வந்தார்களே, அவர்கள் 14 நாள் காத்திருந்திருக்க முடியுமா?

உயிர்காக்கும் பணியை முன்னறிவிப்பின்றி நிறுத்துவதை நான் நியாயப்படுத்தவில்லை. வன்முறை செய்தவரை விசாரித்துத் தண்டிக்கட்டும். ஆனால், சட்டவிரோத வேலைநிறுத்தத்துக்குப் புதிய சட்டமே வைத்திருக்கும் தண்டனை 1,000 முதல் 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ஒரு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அதே செயலுக்கு ஒரு நிர்வாகம் ஆயுள் முழுவதற்குமான பிழைப்பைப் பறிக்கலாம் என்றால் அது எந்த அளவுகோல்?

சங்கத்துடன் பேச்சு, எழுத்துபூர்வ எச்சரிக்கை, போதிய அவகாசம், ஒவ்வொருவருக்கும் தனித்தனி விசாரணை: இந்த நான்கும் இல்லாத பணிநீக்கம் செல்லாது என்று தமிழ்நாடு அரசு தன் விதிகளில் எழுத வேண்டும். தொழிற்சங்கங்கள் இதை உடனடிக் கோரிக்கையாக முன்வைக்க வேண்டும்.