பூஜ்யத்தையும் எழுதுங்கள்!

கோடை வந்துவிட்டால் கடமலைக்குண்டுப் பக்கம் மூல வைகை பெரும்பாலும் வெறும் மணல்தான். எங்காவது ஓர் ஊற்றுக்குழி, அதைச் சுற்றிக் கொஞ்சம் ஈரம். அந்த ஈரத்தில்தான் பட்டாம்பூச்சிகள் கும்பலாக உட்கார்ந்திருக்கும். பார்ப்பவர்கள் தண்ணீர் குடிக்கின்றன என்று நினைப்பார்கள். உண்மையில் அவை தேடி வருவது மண்ணில் கரைந்திருக்கும் உப்பை. அதிலும் வருவது பெரும்பாலும் ஆண் பூச்சிகள்தான் (டீக்கடை மாதிரி!).

சரி, விஷயத்துக்கு வருவோம். மேலே இருக்கும் மேகமலை முதலில் வன உயிரினச் சரணாலயம் ஆனது. 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் காட்டோடு சேர்த்துப் புலிகள் காப்பகமாக அறிவித்தார்கள். புலிக்குத்தான் பெயர்ப்பலகை என்றாலும் பட்டாம்பூச்சிக்கும் இங்கே பெருமை உண்டு. 2023-ல் மேகமலையிலிருந்து ஒரு புதிய பட்டாம்பூச்சி இனம் அறிவிக்கப்பட்டது. அதன் அறிவியல் பெயரிலேயே மேகமலை இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் புது இனம் ஒன்று கிடைத்தது 33 வருடம் கழித்து. அந்த வேலையில் தேனியைச் சேர்ந்த 'வனம்' அமைப்பினருக்கும் பங்கு உண்டு.

சந்தோஷம்தான். ஆனால் சிக்கலும் இங்கேதான் ஆரம்பிக்கிறது. தன்னார்வலர்கள் பட்டாம்பூச்சி எண்ணப் போனார்கள் என்றாலே, "எத்தனை வகை? புதுசா ஏதாவது மாட்டுச்சா?" என்றுதான் கேட்கிறோம். போன வருடம் 100 வகை, இந்த வருடம் 110 வகை என்று வைத்துக்கொள்வோம். காடு செழித்துவிட்டது என்று அர்த்தமா, இல்லை இன்னும் பத்துப் பேர் கேமராவோடு வந்தார்கள் என்று அர்த்தமா? மளிகைக் கடையில் ஸ்டாக் எடுக்கச் சொன்னால், எத்தனை வகை சோப்பு இருக்கிறது என்று மட்டும் எழுதிக் கொடுக்கிற பையனை முதலாளி அடுத்த நாள் வேலைக்கு வைத்திருப்பாரா?

பிரிட்டனில் 1976 முதல் ஒரு முறை நடக்கிறது. ஒரே பாதை, 5 மீட்டர் அகலம், வாரம் ஒருமுறை நடை, கண்ணில் பட்டதை எல்லாம் எண்ணி எழுதுவது. நடப்பவர்களில் பெரும்பாலோர் தன்னார்வலர்கள். அமெரிக்காவில் 2000-க்கும் 2020-க்கும் இடையே பட்டாம்பூச்சிகளின் மொத்த எண்ணிக்கை 22 சதவீதம் குறைந்துவிட்டது என்று 2025-ல் ஓர் ஆய்வு சொன்னது. அந்தக் கணக்குக்கு அடிப்படையும் இதுபோன்ற பதிவுகள்தான். இருபது வருடம் சலிக்காமல் எழுதியவர்கள் இல்லாவிட்டால் குறைந்ததே யாருக்கும் தெரிந்திருக்காது.

"கோடையில் இங்கே என்ன பூச்சி இருக்கும்?" என்று கேட்கலாம். இல்லை என்றால் இல்லை என்று எழுத வேண்டும், அவ்வளவுதான். பூஜ்யமும் ஓர் எண். இந்த வருடப் பூஜ்யம் இருந்தால்தான் அடுத்த வருட எட்டுக்கு மதிப்பு. இன்னொன்று, வரியன் வகைப் பட்டாம்பூச்சிகள் தென்மேற்குப் பருவமழைக்கு முந்தைய மாதங்களில் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கே சமவெளிக்கு இறங்குகின்றன. வடகிழக்குப் பருவமழையை ஒட்டி மலைக்குத் திரும்புகின்றன. கோடையில் எண்ணாமல் விட்டால் இந்தப் போக்குவரத்தில் பாதி கணக்கில் வராது.

வருடம் முழுக்க இதை எண்ண மதுரையிலிருந்தும் கோயமுத்தூரிலிருந்தும் வார இறுதியில் வருகிறவர்களால் முடியாது. உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகளால் முடியும். எருக்கஞ்செடியில் வரிவரியாக இருக்கும் புழுவை அவர்கள் பார்த்தே இருக்கிறார்கள். அது வெந்தய வரியன் ஆகும் என்று ஒருமுறை சொன்னால் போதும். வீட்டுக் கறிவேப்பிலையில் பறவை எச்சம் போல ஒட்டியிருப்பதை நசுக்கிப் போடுகிற அம்மாக்களிடமும் அது கறிவேப்பிலை அழகி என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

வருசநாட்டுப் பக்கம் வனத்துறை என்றாலே வழக்கு, வெளியேற்றம் என்று கேட்டு வளர்ந்த பிள்ளைகள் நிறைய. நிலப் பிரச்னையைப் பட்டாம்பூச்சி தீர்த்துவிடாது. ஆனாலும் அதே துறை ஒரு நோட்டைக் கையில் கொடுத்து, "நீ எண்ணிச் சொல், நாங்கள் எழுதிக்கொள்கிறோம்" என்றால் அது சின்ன விஷயம் இல்லை.

பெரிய செலவும் கிடையாது. மயிலாடும்பாறை சாலையோரம் ஒரு கிலோமீட்டர், வாரம் ஒரு காலை, நாற்பது பக்க நோட்டு ஒன்று. வருகிற சித்திரையிலேயே ஆரம்பிக்கலாம்.