கம்ப்யூட்டருக்குள் கதவு எண் மாறலாமா?

கம்ப்யூட்டர் வாங்கிச் சில மாதங்கள் ஆனதும் பலருக்கு இரண்டாவது திரை தேவைப்படுகிறது. லேப்டாப்பை டிவியில் இணைத்துப் படம் பார்க்கிறோம். பழைய மானிட்டரைத் தூக்கிப் போட மனமில்லாமல் புதியதற்குப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறோம். முதல் நாள் எல்லாம் ஒழுங்காக இருக்கும். ஒரு நாள் டிரைவர் அப்டேட் ஆகி, கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகும். அதன் பிறகு பார்த்தால் இடது பக்கத் திரையில் இருந்தது வலது பக்கம் போயிருக்கும், அல்லது முதன்மைத் திரை டிவிக்குத் தாவியிருக்கும். கேபிளை யாரும் தொடவே இல்லை. பிறகு ஏன் மாறியது?

பெரும்பாலும் கம்ப்யூட்டரில் எதுவும் கெட்டுப் போயிருக்காது. பின்பக்கம் உள்ள போர்ட்டுகளுக்கு ஆபரேட்டிங் சிஸ்டம் வைத்திருக்கும் பெயர் மாறியிருக்கலாம். இந்தப் பெயர்கள் நிரந்தரமாக இருக்க வேண்டும், அதைச் செய்ய வேண்டியது டிரைவர் எழுதுபவர்களும் மதர்போர்டு தயாரிப்பவர்களும்தான் என்பது என் கருத்து.

பெயர் எப்படி வருகிறது?

லினக்ஸை எடுத்துக்கொள்வோம். கிராபிக்ஸ் டிரைவர் ஒவ்வொரு போர்ட்டையும் பதிவு செய்யும்போது அதன் வகையையும் ஒரு வரிசை எண்ணையும் சேர்த்துப் பெயர் வைக்கிறது. எச்டிஎம்ஐ-ஏ-1, டிபி-1, டிபி-2 என்று போகும். டாக்டரிடம் டோக்கன் வாங்குவது போலத்தான். முதலில் வந்தவருக்கு எண் 1. ஒரே கிராபிக்ஸ் சிப் இருக்கும் வரை தினமும் அதே வரிசைதான் பெரும்பாலும் வரும். பிராசஸருடன் வந்த கிராபிக்ஸ் ஒன்று, தனி கிராபிக்ஸ் கார்டு ஒன்று என இரண்டு இருந்தால்தான் சிக்கல். எந்த டிரைவர் முதலில் லோடு ஆகிறதோ அதற்கே முதல் எண்கள் போகும். அந்த முந்துதல் மாறினால் பெயரும் மாறும்.

டிரைவரையே மாற்றினாலும் பெயர் மாறும். இன்டெல் கிராபிக்ஸுக்கான பழைய எக்ஸ் டிரைவர் ஒரு போர்ட்டை எச்டிஎம்ஐ1 என்று அழைத்தது. 2016 வாக்கில் முக்கிய லினக்ஸ் வெளியீடுகள் மோட்செட்டிங் என்ற பொது டிரைவருக்கு மாறியபோது அது எச்டிஎம்ஐ-1 ஆனது. நடுவில் ஒரு சிறு கோடு, அவ்வளவுதான். ஆனால் பழைய பெயரைக் குறிப்பிட்டு எழுதி வைத்திருந்த கட்டளைகள் அதற்குப் பிறகு வேலை செய்யவில்லை.

விண்டோஸில் நிலைமை வேறு. டிஸ்பிளே செட்டிங்ஸில் 1, 2 என்ற எண்கள்தான் தெரியும். அவை போர்ட்டின் மேல் எழுதப்பட்ட எண்கள் அல்ல. டிரைவரை மறுபடி இன்ஸ்டால் செய்தாலோ கேபிளை வேறு போர்ட்டில் செருகினாலோ அந்த எண் மாறலாம்.

தமிழ்நாடு அரசு 2011-ல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில், விண்டோஸும் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தன. பல வீடுகளில் அதுதான் முதல் கம்ப்யூட்டர். அப்படி இரண்டு சிஸ்டம் உள்ள லேப்டாப்பில் ஒரே போர்ட்டுக்கு விண்டோஸில் ஒரு எண், லினக்ஸில் ஒரு பெயர். புதிதாகக் கற்றுக்கொள்ளும் மாணவர் எதை நினைவில் வைத்துக்கொள்வார்?

சென்னை தெருக்களில் "பழைய எண், புதிய எண்" என்று ஒரே வீட்டுக்கு இரண்டு எண் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். முகவரி தேடி அலைந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். அங்கேயாவது இரண்டையும் கதவில் எழுதி வைத்திருக்கிறார்கள். கம்ப்யூட்டரில் அதுவும் கிடையாது.

யாருக்கு நஷ்டம்?

இது சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். காட்டுப்பாக்கத்தில் மவுண்ட்-பூந்தமல்லி சாலையோரம் ஒரு கடை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கல்லாவில் ஒரு திரை, வாடிக்கையாளர் பார்க்க ஒரு திரை. ஒரு காலையில் இரண்டும் இடம் மாறினால், கொள்முதல் விலையும் கடன் பாக்கிக் கணக்கும் வாடிக்கையாளர் பக்கம் தெரியும். வீட்டில் என்றால் நீங்கள் படிக்கும் பேங்க் ஸ்டேட்மென்ட் ஹால் டிவியில் வரும். இதைச் சரிசெய்ய சர்வீஸ் ஆளைக் கூப்பிட்டால், எதுவும் பழுதாகாத மெஷினுக்கு நாம் பணம் கொடுக்கிறோம்.

"போர்ட் பெயர் எதற்கு, மானிட்டரை வைத்தே அடையாளம் காணலாமே" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். மானிட்டர் தன்னைப் பற்றிய விவரத்தை இடிஐடி என்ற 128 பைட் தகவலாகக் கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது. வெசா அமைப்பு 1994-ல் கொண்டுவந்த ஏற்பாடு இது. தயாரிப்பாளர், மாடல், சீரியல் எண் எல்லாம் அதில் இருக்கும். ஆனால் விலை குறைந்த சில மானிட்டர்களில் சீரியல் எண் இருக்க வேண்டிய இடம் காலியாகவே இருக்கிறது. ஒரே மாடலில் இரண்டு வாங்கினால் எது எது என்று தெரியாது. நடுவில் ஒரு மலிவான கன்வெர்ட்டர் வந்தால் அந்தத் தகவல் வந்து சேராமலும் போகலாம். ஆகவே தபால்காரருக்குப் பெயரும் கதவு எண்ணும் வேண்டியிருப்பது போல, இங்கும் இரண்டும் வேண்டும். லினக்ஸின் க்னோம் டெஸ்க்டாப் போர்ட் பெயர், தயாரிப்பாளர், மாடல், சீரியல் என நான்கையும் சேர்த்தே சேமிக்கிறது. ஆனால் கதவு எண்ணே மாறிவிட்டால், சேமித்த அமைப்பு இருந்தும் பயனில்லை.

முடியாத காரியமா?

நெட்வொர்க் கார்டுகளிலும் இதே தொல்லை இருந்தது. ஈத்0, ஈத்1 என்ற பெயர்கள் ஒன்றுக்கொன்று மாறிக்கொள்ளும். 2013-ல் சிஸ்டம்டி, கார்டு எந்த ஸ்லாட்டில் இருக்கிறது என்பதை வைத்துப் பெயர் வைக்கத் தொடங்கியது. பெயர் நீளமாகி வாயில் நுழையாமல் போனது என்று பலர் முணுமுணுத்தார்கள். ஆனால் சொல்லாமல் கொள்ளாமல் இடம் மாறும் தொல்லை பெருமளவு குறைந்தது. ஹார்ட் டிஸ்க்குகளுக்கும் நிரந்தர அடையாள எண் வந்துவிட்டது. மானிட்டர் போர்ட்டுகள் மட்டும் பின்தங்கியிருக்கின்றன.

இதில் சிரமம் இல்லாமல் இல்லை. எந்தப் போர்ட் கேபினெட்டின் எந்த இடத்தில் இருக்கிறது என்பது டிரைவருக்குத் தானாகத் தெரியாது. அதைச் சொல்ல ஏசிபிஐ என்ற பயோஸ் தரத்தில் இடம் உண்டு. ஆனால் எல்லா மதர்போர்டிலும் அது ஒழுங்காக நிரப்பப்படுவதில்லை. ஒரே டிஸ்பிளேபோர்ட்டில் ஹப் வைத்துப் பல மானிட்டர்களைக் கோத்தால் புதிய பெயர்கள் அப்போதைக்கப்போது உருவாகின்றன. இருந்தாலும் கார்டின் ஸ்லாட்டையும் அதில் உள்ள போர்ட்டையும் வைத்துப் பெயர் கொடுப்பது எட்டாத காரியம் அல்ல. அதே பெயரைக் கேபினெட்டின் பின்பக்கம் அச்சிடட்டும். அதற்கு மேல் "கல்லா", "ஹால் டிவி" என்று நாமே செல்லப்பெயர் வைத்துக்கொள்ளவும் வழி தரட்டும்.

அதுவரை நீங்கள் செய்யக்கூடியவை சில. கேபிள் முனையிலும் போர்ட் பக்கத்திலும் ஒரே எண்ணை டேப்பில் எழுதி ஒட்டுங்கள். கழற்றினால் அதே போர்ட்டிலேயே மாட்டுங்கள். விண்டோஸ் 11-ல் டிஸ்பிளே செட்டிங்ஸில், மானிட்டர் இணைப்பை வைத்து விண்டோக்களின் இடத்தை நினைவில் கொள்ளும் வசதி இருக்கிறது. அது டிக் செய்யப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். டிரைவர் அப்டேட் ஆன பிறகு, கடையைத் திறக்கும் முன் எந்தத் திரையில் எது வருகிறது என்று ஒருமுறை சரிபாருங்கள். புதிய மெஷின் வாங்கும்போது எந்தப் போர்ட்டுக்கு என்ன பெயர் என்று கடைக்காரரிடம் கேளுங்கள். அவருக்குப் பதில் தெரியாமல் இருக்கலாம். ஆனால் கேட்பவர்கள் பெருகினால், அந்தக் கேள்வி ஒருநாள் தயாரிப்பவர்கள் காதுக்கும் போய்ச் சேரும்.