செய்கூலி கொடுத்து வாங்கிய வெள்ளி டாலர்

2019-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அம்மாவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தபோது, "இன்னைக்கு ஒரு வெள்ளி டாலர் வாங்கினேன்மா" என்றேன். "முருகன் டாலரா, பிள்ளையார் டாலரா? செயின் இருக்கா?" என்று கேட்டார். நம் ஊரில் டாலர் என்றால் சங்கிலியில் தொங்குவதுதானே!

நான் வாங்கியது அமெரிக்க அரசின் நாணயச்சாலை 1986-இல் வெளியிட்ட நினைவு நாணயம். சுதந்திர தேவி சிலையின் நூற்றாண்டுக்காக அடித்த ஒரு டாலர் வெள்ளிக் காசு. இதையெல்லாம் விளக்கிய பிறகு அம்மா கேட்டது இரண்டே கேள்விகள்தான். "எத்தனை கிராம்? எவ்வளவு குடுத்தே?"

26.73 கிராம், அதில் 90 சதவீதம் வெள்ளி. 35 டாலர் கொடுத்தேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மனக்கணக்கு ஓடியது. பிறகு சொன்னார்: "பாதிக்கு மேல செய்கூலியால்ல இருக்கு!"

அன்று சிரித்தேன். அம்மா சொன்னது எவ்வளவு சரி என்று புரிய நான்கு வருடம் ஆனது. இப்போது இதை எழுதக் காரணம் இருக்கிறது. 2025 அக்டோபரில் வெள்ளி அவுன்ஸுக்கு 50 டாலரைத் தாண்டியதிலிருந்து நம் வாட்ஸ்அப் குழுக்களில் வெள்ளிப் பேச்சுதான். "நினைவு நாணயமா வாங்குங்க, வெள்ளியும் ஆச்சு, கலெக்‌ஷனும் ஆச்சு, பிள்ளைங்க காலேஜுக்கும் ஆச்சு" என்று ஒருவர் போடுகிறார். பத்துப் பேர் கட்டைவிரல் காட்டுகிறார்கள். ஏழெட்டு வருடமாக இவற்றைச் சேர்ப்பவன் என்ற முறையில் என் கருத்து இது. நினைவு வெள்ளி டாலர்களை முதலீடாக வாங்காதீர்கள். ஆனால் வாங்குங்கள்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம்.

அமெரிக்காவின் முதல் நினைவு வெள்ளி டாலர் 1900-ஆம் ஆண்டைச் சேர்ந்த லாஃபயெட் டாலர். அதன் பிறகு பல பத்தாண்டுகள் இந்த வகை வரவில்லை. 1983-இல் லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கை ஒட்டி மறுபடி தொடங்கி, இன்றுவரை வருகின்றன. 2018 வரை வந்தவற்றில் 90 சதவீதம் வெள்ளி, அதாவது ஒரு காசில் 0.77 ட்ராய் அவுன்ஸ். 2019-இலிருந்து 99.9 சதவீதம்.

1986-இல் இந்தச் சிலை டாலரை நாணயச்சாலையிலிருந்து நேரடியாக வாங்கியவர்கள் 20 டாலருக்கு மேல் கொடுத்தார்கள். அப்போது வெள்ளி அவுன்ஸ் ஐந்தரை டாலர் அளவில் இருந்தது. அப்படியானால் காசில் இருந்த வெள்ளியின் மதிப்பு நாலே கால் டாலர்தான். மீதி எல்லாம் அம்மா சொன்ன செய்கூலி. அந்த 20 டாலர், விலைவாசி உயர்வைச் சேர்த்தால், இன்றைக்குச் சுமார் 60 டாலருக்குச் சமம். அதே காசு நீண்ட காலம் வெள்ளி விலையை ஒட்டியேதான் கைமாறிக்கொண்டிருந்தது. காரணம் எளிது. 70 லட்சத்துக்கும் மேல் அடித்துவிட்டார்கள்.

இப்போது வெள்ளி ஏறியதால் அந்தக் காசும் ஏறியிருக்கிறது, உண்மைதான். ஆனால் ஏறியது வெள்ளி, நாணயம் அல்ல. அந்த லாபம்தான் வேண்டுமென்றால் செய்கூலி குறைவாக உள்ள வெள்ளிக் கட்டியையே வாங்கிவிடலாம். நகையை விற்கப் போனால் செய்கூலியும் சேதாரமும் திரும்பி வராது என்று நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். அழகான பெட்டியும் சான்றிதழும் வந்தவுடன் இன்ஜினியரிங் படித்த எனக்கு அது மறந்துவிட்டது.

நினைவுபடுத்தியது 2023. ஐடி துறையில் ஆட்குறைப்பு நடந்த வருடம். ஒரு செவ்வாய்க்கிழமை காலை லேப்டாப் திறக்கவில்லை. என் பெயரும் பட்டியலில் இருந்தது. எச்1பி விசாவில் இருப்பவனுக்கு அடுத்த வேலை தேட 60 நாள். சேமிப்பு இருந்தது. ஆனாலும் அந்த நாட்களில் வீட்டில் இருக்கும் ஒவ்வொரு பொருளையும் மனம் விலை போட்டுப் பார்க்கும். அலமாரியில் நாற்பது வெள்ளி டாலர்கள் இருந்தன. எல்லாம் சேர்த்து சுமார் 1,800 டாலர் போட்டிருந்தேன். மூன்றாவது வாரம் அவற்றைத் தூக்கிக்கொண்டு ஒரு நாணய வியாபாரியிடம் போனேன்.

அவர் பெட்டிகளைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. தலைப்பை மட்டும் படித்துப் பிரித்து வைத்தார். நாற்பதில் முப்பத்தெட்டு ஒரு பக்கம், இரண்டு ஒரு பக்கம். "முப்பத்தெட்டும் வெள்ளி விலை. ஒன்றுக்கு 16 டாலர் தருகிறேன்" என்றார். சான்றிதழ், வெல்வெட் பெட்டி எல்லாவற்றையும் நீங்களே வைத்துக்கொள்ளலாம் என்று வேறு சொன்னார்.

தனியாக வைத்த அந்த இரண்டில் ஒன்று 2001-இன் அமெரிக்கன் பஃபலோ டாலர். ஜேம்ஸ் ஏர்ல் ஃப்ரேசர் 1913-இல் ஐந்து சென்ட் காசுக்காகச் செய்த செவ்விந்தியர் முகமும் எருதும் மறுபடி வந்தது அதில். அடித்தது ஐந்து லட்சம். சில வாரங்களிலேயே தீர்ந்துபோனது. இன்னொன்று 1996 அட்லாண்டா பாராலிம்பிக் டாலர், சக்கர நாற்காலியில் விரையும் வீரர் படம் போட்டது. அதில் பளபளப்பு ஏற்றாத சாதாரண வகை விற்றது 14,497 மட்டுமே. இரண்டையும் நான் கூடுதல் விலைக்குத்தான் வாங்கியிருந்தேன். அதனால் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை.

அந்தப் பாராலிம்பிக் காசு எனக்கு ஒரு பாடம். அட்லாண்டா ஒலிம்பிக்குக்காக 1995, 96 இரண்டு வருடங்களில் எட்டு வகை வெள்ளி டாலர்கள் வந்தன. தங்கமும் அரை டாலர்களும் தனி. சேகரிப்பவர்கள் சலித்துப்போய் வாங்குவதை நிறுத்தினார்கள். அன்று யாரும் வாங்காததால்தான் இன்று அது அரிது. 'லிமிடெட் எடிஷன்' என்று விளம்பரம் போட்டு எல்லோரும் வாங்கி, எல்லோரும் பத்திரமாகப் பெட்டியில் வைக்கும் காசு எப்படி அரிதாகும்? அந்தக் குழப்பத்துக்குப் பிறகுதான், வருடத்துக்கு இரண்டு நினைவு நாணயத் திட்டங்களுக்கு மேல் கூடாது என்று சட்டம் வந்தது.

அன்று பதினெட்டு காசுகளை விற்றேன். 288 டாலர். மளிகைக்கும் காருக்குப் பெட்ரோலுக்கும் போனது. ஏழாவது வாரம் வேலை கிடைத்துவிட்டது.

விற்பதற்கு எடுத்து வைத்ததில் அந்த 1986 காசும் இருந்தது. வியாபாரி அதைக் கையில் எடுத்து விளக்குக்குக் கீழே சாய்த்துப் பார்த்தார். "யாரோ தேய்த்திருக்கிறார்கள்" என்றார். யார் என்று எனக்குத் தெரியும். அதற்கு முந்தைய கோடையில் அம்மா வந்திருந்தபோது, காசு கறுத்திருக்கிறதே என்று திருநீறு போட்டுத் துணியால் பளிச்சென்று துலக்கி, சாமி அலமாரியில் லட்சுமி படத்துக்கு முன்னால் வைத்திருந்தார். குத்துவிளக்குக்கும் பன்னீர்ச் செம்புக்கும் அது சரி. சேகரிப்புக் காசைத் தேய்த்தால் மேற்பரப்பில் முடி போல் கீறல் விழும், விலை போய்விடும். அந்தக் காசை மட்டும் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அதை முதல்முறையாக ஒழுங்காகப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். அதுவரை பெட்டியைத்தானே பார்த்துக்கொண்டிருந்தேன்! முன்பக்கம் சிலை, அதன் பின்னால் எல்லிஸ் தீவின் கட்டடம். 1892-இலிருந்து 1954 வரை ஒரு கோடியே இருபது லட்சம் பேருக்கும் மேல் இந்த நாட்டுக்குள் நுழைந்த வாசல் அது. அந்த நாணயத் திட்டத்தில் ஒவ்வொரு வெள்ளி டாலரிலும் 7 டாலர் கூடுதல் கட்டணம் சேர்த்து விற்றிருக்கிறார்கள். தங்கம், வெள்ளி, அரை டாலர் எல்லாவற்றிலுமாக சுமார் 8.3 கோடி டாலர் திரண்டு, சிலையையும் பாழடைந்து கிடந்த எல்லிஸ் தீவையும் சீரமைக்கப் போனது.

அடுத்த மாதமே மகளைக் கூட்டிக்கொண்டு லிபர்ட்டி ஸ்டேட் பார்க்கிலிருந்து படகு ஏறினேன். எல்லிஸ் தீவின் பதிவுக்கூடத்தில், வளைந்த ஓட்டுக் கூரையை அண்ணாந்து பார்த்தபடி நின்றபோது அம்மாவின் கேள்விக்குப் பதில் கிடைத்தது. செய்கூலி எங்கே போனது? ஒரு பகுதி இங்கேதான் வந்திருக்கிறது.

நான் வாங்கியது பழைய காசு. அந்த 7 டாலரைக் கொடுத்தவர் 1986-இல் அதை முதலில் வாங்கிய யாரோ ஒருவர். நாணயச்சாலையிடம் நேரடியாக வாங்கும்போது மட்டுமே அந்தக் கட்டணம் உரிய இடத்துக்குப் போகும். இப்போது வெள்ளி டாலருக்கு அது 10 டாலர். அதுவும் சும்மா போகாது. நாணயச்சாலை தன் செலவை எடுத்த பிறகுதான் தரும். பெறும் அமைப்பும் தன் பங்குக்குத் தனியாரிடம் ஈடான நிதி திரட்டிக் காட்ட வேண்டும். பஃபலோ டாலரின் 50 லட்சம் அமெரிக்கப் பூர்வகுடிகள் அருங்காட்சியகத்துக்குப் போனது. கோயில் உண்டியலில் போட்ட காசுக்கு யாரும் வட்டி கேட்பதில்லை. இதையும் அப்படித்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

இப்படிப் பார்க்கத் தொடங்கிய பிறகு என் சேகரிப்பு மாறிவிட்டது. இப்போது வருடத்துக்கு ஒன்றோ இரண்டோதான். ஆனால் கதை தெரிந்து வாங்குகிறேன். 2007 லிட்டில் ராக் டாலரில் பள்ளிப் பிள்ளைகளின் கால்களும், துணைக்கு வரும் ராணுவ வீரனின் பூட்ஸும் மட்டும் தெரியும். மேலே ஒன்பது நட்சத்திரங்கள். 1957-இல் வெள்ளையர் பள்ளிக்குள் நுழைந்த ஒன்பது கறுப்பின மாணவர்கள். 2009 லூயி பிரெய்ல் டாலரில், விரலால் தடவிப் படிக்கக்கூடிய பிரெய்ல் புள்ளிகள் இருக்கின்றன. 2014 டாலர் 1964-ஆம் ஆண்டின் குடியுரிமைகள் சட்டத்துக்கானது; கைகோத்து நடக்கும் மூவர் அதில். அந்தப் போராட்டச் சூழலில்தான் 1965-இல் குடிவரவுச் சட்டமும் மாறி, பிறந்த நாட்டை வைத்து ஆளை ஒதுக்கிய பழைய ஒதுக்கீட்டு முறை போனது. அது போகாமல் இருந்திருந்தால் நம்மில் எத்தனை பேர் இங்கே இருப்போம்? நம் பிள்ளைகளுக்கு இதைப் பாடமாகச் சொன்னால் காதில் ஏறாது. காசைக் கையில் கொடுத்தால் அவர்களே கேட்பார்கள்.

வாங்க நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். சமையலறைத் தராசு போதாது. நூறில் ஒரு கிராம் காட்டும் சின்னத் தராசு ஒன்று வாங்குங்கள். பழைய 90 சதவீதக் காசு 26.73 கிராம், விட்டம் 38.1 மில்லிமீட்டர். காந்தத்தில் ஒட்டினால் போலி. விளிம்பைப் பிடித்து எடுங்கள். எந்தக் காரணத்துக்காகவும் தேய்க்காதீர்கள். இப்போதைய வெள்ளி விலையை 0.77-ஆல் பெருக்கிப் பார்த்து, அதற்கு மேல் எவ்வளவு கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுங்கள். ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்து லாபத்துக்கு விற்றாலும், சேகரிப்புப் பொருள் என்பதால் வரி 28 சதவீதம் வரை போகலாம். பங்குகளுக்கு உள்ள உச்ச விகிதத்தைவிட இது அதிகம். பிள்ளைகளின் கல்லூரிப் பணத்தைத் தயவுசெய்து இதில் போடாதீர்கள்.

எல்லிஸ் தீவிலிருந்து திரும்பும் படகில் மகள் கேட்டாள். "அப்பா, நீங்களும் இங்கதான் வந்து இறங்கினீங்களா?"

"இல்லடா கண்ணு. நான் ஜேஎஃப்கே ஏர்போர்ட்ல இறங்கினேன்."

"அப்ப உங்களுக்கு காயின் இல்லையா?"

இல்லை. விமானத்தில் வந்தவர்களுக்கு இதுவரை ஒன்றும் இல்லை. ஆனால் இந்த நாட்டில் ஒரு நினைவு நாணயத்துக்கு நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டும். வழக்கமாகப் பிரதிநிதிகள் சபையில் 290 பேரும் செனட்டில் 67 பேரும் மசோதாவுக்குத் துணை நிற்க வேண்டும். யாராவது தொகுதி தொகுதியாகப் போய்க் கேட்டதால்தான் லிட்டில் ராக்கின் ஒன்பது பேரும், பிரெய்லும் காசில் ஏறினார்கள். பச்சை அட்டைக்கு வரிசையில் நிற்கும் எனக்கு ஓட்டு இல்லை. இங்கே பிறந்த அவளுக்கு ஒரு நாள் இருக்கும். அதை அவளிடம் சொன்னேன். எவ்வளவு புரிந்ததோ தெரியவில்லை. காசை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டாள்.

இப்போது அது அவளுடைய பென்சில் பெட்டியில் கிடக்கிறது. எழுத்துகளின் இடுக்கில் பாட்டி துலக்கிய திருநீறு இன்னும் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது. அதைச் சுத்தம் செய்ய வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.